ஊகப்புள்ளியிலிருந்து தெற்கே

மலேசியாவின் மெர்சிங் படகுத்துறையில் தியோமான் தீவுக்குச் சீட்டு எடுக்கிறவர்கள், நாளைய படகு எத்தனை மணிக்கு என்று தவறாமல் கேட்டுக்கொள்வார்கள். இன்று காலையில் புறப்படும் படகு இன்னொரு நாள் நண்பகலில் புறப்படும். மெர்சிங் ஆறு தென்சீனக் கடலில் கலக்கும் வாயில் ஆழம் குறைவு. நீர் வற்றும் நேரத்தில் பெரிய படகுகள் வெளியே போக முடியாது. ஏற்றம் வரும்வரை காத்திருக்க வேண்டும். சுற்றுலாப் பயணிக்கு அது ஒரு தே தாரேக் குடிக்கும் நேரம். கடலில் ஆள் காணவில்லை என்று செய்தி வந்த பிற்பகலிலோ, தேடலைத் திட்டமிடுகிறவர் முதலில் புரட்டும் தாள்களில் ஒன்று இந்த ஏற்றவற்ற அட்டவணை.

2022 ஏப்ரல் 6 அப்படி ஒரு பிற்பகல். மலேசியா தன் எல்லைகளை அயல்நாட்டுப் பயணிகளுக்குத் திறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. மெர்சிங்கிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில், தோக்கோங் சங்கோல் என்ற சிறு தீவருகே, நார்வே நாட்டுப் பயிற்றுநர் ஒருவரும் அவரிடம் பயின்ற மூவரும் நண்பகலை ஒட்டி நீருக்குள் இறங்கினார்கள். மேலே வந்தபோது படகைச் சேர முடியவில்லை. நீரோட்டம் இழுத்துக்கொண்டது. பயிற்றுநரை மறுநாள் காலையில் ஓர் இழுவைப் படகு கண்டு மீட்டது. மற்ற மூவரில் இருவரை ஏப்ரல் 9 அதிகாலையில் பெங்கேராங் கடற்பகுதியில் மீனவர்கள் காப்பாற்றினார்கள். நான்காமவரான 14 வயதுச் சிறுவன் பிழைக்கவில்லை.

மூழ்கிய இடத்துக்கும் கடைசியாக இருவர் கிடைத்த இடத்துக்கும் நேர்க்கோட்டில் நூறு கிலோமீட்டருக்கு மேல். இடைப்பட்ட நேரம் ஏறத்தாழ அறுபது மணி. இப்படிப்பட்ட அறுபது மணி நேரத்தில், வெவ்வேறு சீருடைக்காரர்களும் சீருடையே இல்லாதவர்களும் ஒரு வரைபடத்தின்மேல் குனிந்து ஒரே கணக்கைப் போட வேண்டியிருக்கிறது. அந்தக் கணக்கு எழும் விதத்தை அதன் வரிசையிலேயே பார்ப்போம். கீழே வரும் எண்கள் தேடல் மீட்புக் கையேட்டின் முறைப்படி நானே போட்டுப் பார்த்தவை. அன்று தேடலை நடத்திய அறையின் ஏடுகளிலிருந்து எடுத்தவை அல்ல.

அடித்தளம் முன்பே போடப்பட்டிருக்க வேண்டும். 1979இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஏற்கப்பட்ட கடல் தேடல் மீட்பு உடன்படிக்கை 1985இல் நடைமுறைக்கு வந்தது. எந்தக் கடற்பகுதியில் ஆள் தவறினாலும் எந்த நாட்டின் எந்த மையம் பொறுப்பு என்று முன்கூட்டியே வகுத்து வைப்பது அதன் சாரம். அதன் வழியில் அனைத்துலகக் கடல்சார் அமைப்பும் அனைத்துலக வான் போக்குவரத்து அமைப்பும் சேர்ந்து வெளியிடும் 'ஐயம்சார்' கையேடு மூன்று தொகுதிகள் கொண்டது. முதலாவது நிர்வாகிகளுக்கு, இரண்டாவது தேடலை நடத்தும் அறைக்கு, மூன்றாவது கப்பலிலும் விமானத்திலும் எடுத்துச் செல்ல. இந்த மூன்றாவது தொகுதிதான் எனக்குப் பிடித்தது. வழியே போகும் சரக்குக் கப்பலின் தலைவர், முன்பின் அறியாத ஒரு தேடலில் பாதியில் வந்து சேர்ந்தாலும், அதே சொற்களில் உத்தரவு வாங்கி அதே வடிவத்தில் ஓட முடிவது அந்தப் புத்தகத்தால்தான்.

மலேசியாவில் இந்தப் பொறுப்பு கடல்சார் அமலாக்க நிறுவனத்தினுடையது. 2004ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவாகி 2005 இறுதியில் பணியைத் தொடங்கிய நிறுவனம். புத்ராஜெயாவில் தலைமை ஒருங்கிணைப்பு மையம், ஜொகூர் பாருவில் துணை மையம், மெர்சிங்கில் மண்டல அலுவலகம். செய்தி கீழிருந்து மேலே போகும். பொறுப்பு மேலிருந்து கீழே வரும்.

நிலத்தில் இதற்கு இணையான ஏற்பாடு வேறு வழியில் பிறந்தது. 1993 டிசம்பர் 11 அன்று ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடிக் கட்டடம் சரிந்து 48 பேர் மாண்டபோது, இடிபாடுகளைச் சுற்றி ஆட்கள் நிறைய இருந்தார்கள். யார் சொல்லை யார் கேட்பது என்பதில்தான் குழப்பம். மறு ஆண்டே 'ஸ்மார்ட்' என்ற சிறப்பு மீட்புக் குழுவுக்கு அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 1997இல் தேசியப் பாதுகாப்பு மன்றத்தின் 20ஆம் எண் உத்தரவு வந்தது. அதன்படி சம்பவ இடம் சிவப்பு, மஞ்சள், பச்சை என மூன்று வட்டங்களாகப் பிரிந்தது. களக் கட்டுப்பாட்டு நிலையம் மஞ்சளில் அமைந்தது. தலைமை காவல் துறைக்கு, துணைத் தலைமை தீயணைப்பு மீட்புத் துறைக்கு. மாவட்ட அளவில் மாவட்ட அதிகாரி தலைமையில் ஒரு குழு. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஒவ்வொரு நவம்பரிலும் மெர்சிங்கில் இந்தக் குழுவுக்கு வேலை வந்துவிடுகிறது. வெள்ளக் காலத்தில் துயர் துடைப்பு மையத்தில் பாயையும் போர்வையையும் எண்ணிக் கொடுத்த அதே பொதுத் தற்காப்புப் படைக்காரர், ஏப்ரலில் கடற்கரையில் தேடுதல் என்றாலும் வந்து நிற்பார். ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கும் பழக்கம் எந்த உத்தரவிலும் எழுதப்படவில்லை. ஆனால் அது இல்லாமல் எந்த உத்தரவும் விரைவாக ஓடுவதில்லை.

இனி நாள் தொடங்குகிறது. கையேடு தேடலை ஐந்து கட்டங்களாகப் பிரிக்கிறது: அறிதல், முதல் நடவடிக்கை, திட்டமிடல், களப்பணி, முடிப்பு.

அறிதல் பெரும்பாலும் ஒரு தொலைபேசி அழைப்பு. 999க்கு வரலாம், படகிலிருந்து விஎச்எஃப் வானொலியின் 16ஆம் அலைவரிசையில் வரலாம். எடுப்பவர் கையில் ஓர் அச்சிட்ட படிவம் இருக்கும். எத்தனை பேர்? கடைசியாகப் பார்த்தது எங்கே, எத்தனை மணிக்கு? என்ன உடை, என்ன நிறம்? மிதவை அங்கி உண்டா? சீழ்க்கை, கண்ணாடி, விளக்கு? நீந்துவார்களா, நோய் ஏதும் உண்டா? சொல்லுபவர் பதறிப்போயிருப்பார், கேட்பவர் பதறக் கூடாது. 'கடைசியாகப் பார்த்த நேரம்' என்ற ஒரு கட்டத்தில் பத்து நிமிடம் பிசகினால், மணிக்கு ஒரு கடல் மைல் நீரோட்டத்தில் அது 300 மீட்டர் பிசகு. ஆகவே அதே கேள்வியை வேறு சொற்களில் இரண்டாம் முறையும் கேட்பார்கள்.

கேட்டதைக் கொண்டு நிலைமைக்கு ஒரு பெயர் வைக்கப்படும். ஐயம், எச்சரிக்கை, ஆபத்து என மூன்று படிகள். வர வேண்டிய படகு தாமதம் என்றால் ஐயம். தொடர்பு கொள்ள முயன்றும் பதில் இல்லை என்றால் எச்சரிக்கை. ஆள் நீரில் இருக்கிறார், படகு இல்லை என்பது நேரடியாக ஆபத்து. பெயர் வைப்பது சடங்கல்ல. 'ஆபத்து' என்று எழுதப்பட்ட நொடியில் தேடல் ஒருங்கிணைப்பாளர் ஒருவர் பொறுப்பேற்கிறார். அவர் எந்தத் துறையைச் சேர்ந்தவராயினும் அதுமுதல் எல்லாப் படகுகளும் அவர் தாளில் ஏறும்.

இரண்டாவது கட்டம் விரைவானது. கடலில் ஏற்கெனவே இருக்கும் படகுகளுக்கு 16ஆம் அலைவரிசையில் அறிவிப்பு. கடல்சார் நிறுவனத்தின் ரோந்துப் படகு, கடல் போலீஸ், தீயணைப்பு மீட்புத் துறையின் நீர் மீட்புப் பிரிவு, மீனவர்கள், தீவுகளுக்கு ஆள் ஏற்றும் படகுக்காரர்கள் என்று அழைப்புகள் பிரிகின்றன. ஆழமற்ற விரைவுப் படகுகள் ஆற்று வாயை எப்போதும் கடக்கும். பெரியவை ஏற்றத்துக்குக் காத்திருக்கும் அல்லது வெளியே நங்கூரமிட்டிருக்கும். ஹெலிகாப்டர் மெர்சிங்கில் நின்றுகொண்டிருப்பதில்லை. வர வேண்டிய நேரத்தையும், வந்தபின் மிச்சமிருக்கும் எரிபொருளையும் சேர்த்தே எழுத வேண்டும்.

இதற்குள் அறை தயாராகிறது. தேவையானவை வியப்பூட்டும் அளவுக்குக் குறைவு. நீளமான மேசை ஒன்று, கடலோடு பேச ஒன்றும் வானோடு பேச ஒன்றுமாக இரண்டு வானொலிகள், ஒரு தொலைபேசி, ஒரு வெண்பலகை, சுவரில் ஒரு கடிகாரம், மின்சாரம் போனால் உறும ஒரு ஜெனரேட்டர். கதவுக்கு வெளியே, குரல் கேட்காத தொலைவில், குடும்பத்தாருக்கு இன்னோர் அறை. செய்தியாளர்களுக்கு மூன்றாவது இடம். இந்த மூன்றையும் பிரித்து வைப்பது மரியாதைக்காக மட்டுமல்ல. ஊகமாக மேசையில் சொல்லப்பட்ட ஒரு சொல், கதவைத் தாண்டும்போது உறுதியான செய்தியாகிவிடும். குடும்பத்தாரிடம் பேச ஒருவரே, குறித்த நேரத்தில். சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும் அந்த நேரத்தில் வந்து, ஒன்றும் இல்லை என்று சொல்வார்.

இப்போது மூன்றாவது கட்டமான திட்டமிடலுக்கு, மேசைக்கு வருவோம். வேலையின் கூர்மையான பகுதி இதுதான்.

கடல் வரைபடம் விரிகிறது. அதன்மேல் ஒளி ஊடுருவும் தாள். மென்மையான பென்சில், அழிப்பான், கவராயம், இணைகோடு இழுக்கும் இரட்டை அடிக்கோல். கணக்குக்குக் கணினி உண்டு. ஆனாலும் ஐந்து துறையினர் சுற்றி நின்று விரல் வைத்துப் பேசத் தாளைப் போல் வசதியானது வேறில்லை. முதலில் கடைசியாகப் பார்த்த இடத்தில் ஒரு சிலுவைக் குறி. அங்கிருந்து இந்நேரம் ஆள் எங்கே நகர்ந்திருக்கக்கூடும் என்று கணித்து வைக்கும் இன்னொரு குறி உண்டு. தேடல்காரர்கள் அதை 'டேட்டம்' என்பார்கள்; நாம் ஊகப்புள்ளி என்போம்.

ஊகப்புள்ளியை நகர்த்துவன இரண்டு. ஒன்று நீரோட்டம், தமிழகக் கரையோர மீனவர் 'நீவாடு' என்பது இதைத்தான். மற்றொன்று காற்று. உயரமாக மிதக்கும் ரப்பர் படகைக் காற்று நன்றாகத் தள்ளும். தலை மட்டும் வெளியே தெரியும் மனிதரைக் காற்று தன் வேகத்தில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்கே தள்ளும். ஆக, மூழ்கு உடையில் மிதப்பவர் ஏறக்குறைய நீரோடு நீராகவே போகிறார். நீரோட்டத்தை அறிய அட்டவணை உண்டு. அதைவிட நம்பகமான வழி, கடைசியாகப் பார்த்த இடத்தில் ஒரு மிதவைக் குறியை இறக்கி, அது எங்கே போகிறது என்று பார்ப்பது. அந்தத் தண்ணீரிலேயே தினமும் வலை இறக்குகிறவரை மேசைக்கு அழைத்துக் கேட்பது மூன்றாவது வழி. மூன்றும் ஒத்துப்போனால் பென்சில் தயங்காமல் ஓடும்.

ஊகம் என்பதால் பிழையும் உண்டு. பிழைக்கும் அளவு உண்டு. மரபான கைக்கணக்கில், நகர்ந்த தொலைவில் பத்தில் மூன்று பங்கை நகர்வுப் பிழை என்று கொள்வார்கள். தொடக்க இடத்தின் பிழை, தேடும் படகின் இடப்பிழை இரண்டையும் அதனோடு சேர்ப்பார்கள். வெறுமனே கூட்டாமல், ஒவ்வொன்றின் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுப்பார்கள். கிடைத்ததை ஒரு பாதுகாப்பு எண்ணால் பெருக்குவார்கள்: முதல் தேடலுக்கு 1.1, இரண்டாவதற்கு 1.6, மூன்றாவதற்கு 2.0, பிறகு 2.3, 2.5. தேடிக் கிடைக்காத ஒவ்வொரு முறையும் நம் ஊகத்தின்மேல் நமக்குள்ள நம்பிக்கை எவ்வளவு குறைய வேண்டும் என்பதையும் யாரோ எண்ணில் எழுதிவைத்திருக்கிறார்கள் என்பது, முதல்முறை படித்தபோது எனக்குப் பெரிய நிறைவு தந்தது.

போட்டுப் பார்ப்போம். நீரோட்டம் மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர், என்று வைத்துக்கொள்வோம். நண்பகலில் தவறியவர்கள் மறுநாள் காலை ஏழு மணிக்கு, சூரியன் எழும் நேரத்தில், 19 கடல் மைல் தள்ளி இருப்பார்கள். நகர்வுப் பிழை 5.7. தொடக்கப் பிழை ஒரு மைல் என்றால் மொத்தப் பிழை 5.8ஐ ஒட்டி வரும். இது இரண்டாவது தேடல், 1.6ஆல் பெருக்கினால் ஆரம் 9.3 கடல் மைல். அந்த வட்டத்தை அடக்கும் சதுரத்தின் பரப்பு ஏறத்தாழ 340 சதுரக் கடல் மைல். ஒன்றும் கிடைக்காமல் இன்னொரு நாள் போனால் நகர்வு 43 மைல், பிழை 13, பெருக்கும் எண் 2. சதுரம் 2,700ஐத் தொடுகிறது. ஒரே நாளில் எட்டு மடங்கு. இரண்டாம் நாளில் ஒரு லிட்டர் டீசல் செய்யும் வேலைக்கு மூன்றாம் நாளில் எட்டு லிட்டர் வேண்டும்.

சதுரம் கிடைத்துவிட்டது, அதை எத்தனை படகு தேட முடியும்? கணக்கு எளிது: வேகம், நேரம், அடுத்தடுத்த தடங்களுக்கு இடையேயான இடைவெளி, இந்த மூன்றின் பெருக்கல். ஐந்து மைல் தூரம் தெளிவாகத் தெரியும் நாளில், நீரில் உள்ள ஒருவரைத் தேடும் கப்பலுக்குக் கையேடு பரிந்துரைக்கும் இடைவெளி அரைக் கடல் மைல். மணிக்கு 10 மைல் ஓடும் படகு மாலை நான்கு முதல் ஏழு வரை மூன்று மணி நேரம் தேடினால் 15 சதுர மைல். உடனே தொடங்கியாக வேண்டும், கணக்குக்கு நேரமில்லை என்றால் கையேடு கைகாட்டும் ஆரம் 10 மைல், சதுரம் 400. முதல் மாலையில் அதை முழுதாகத் தேட இருபத்தாறு படகும் போதாது. எனவே முதல் மாலையில் நடுவை மட்டும் தேடுகிறார்கள். அந்த முடிவை மனம் நோகாமல் எடுக்க வைப்பது இந்தப் பெருக்கல்தான்.

ஹெலிகாப்டருக்கு வேறு கணக்கு. 500 அடி உயரத்திலிருந்து, மிதவை அங்கி இல்லாமல் நீரில் கிடக்கும் தலையைக் காணக்கூடிய அகலம் 0.1 கடல் மைல், அதாவது 185 மீட்டர் மட்டுமே. அங்கி அணிந்திருந்தால் நான்கு மடங்கு. மணிக்கு 80 மைல் வேகத்தில் இரண்டு மணி நேரம் பறந்தால் முன்னதில் 16 சதுர மைல், பின்னதில் 64. மூழ்குவோர் சட்டைப்பையில் சுருட்டி வைத்திருக்கும் ஆரஞ்சு நிற மிதவைக் குழலை ஊதி நிமிர்த்தினால், ஆள் உயரத்துக்கு நீர்மேலே நிற்கும். சில நூறு கிராம் எடையுள்ள அந்தக் குழல் தேடும் பரப்பைப் பல மடங்கு பெருக்கும் கருவி என்று நினைத்துப் பார்ப்பவர் குறைவு.

இடைவெளியைச் சீராக வைப்பதில் இன்னொரு பயனும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடும் கணிதத்தை அமெரிக்கக் கடற்படைக்காக பெர்னார்ட் கூப்மன் வகுத்தார். அதன்படி, கண்ணெட்டும் அகலமும் தட இடைவெளியும் சமமாக இருந்து, இணைகோடுகளில் ஒழுங்காக ஓடினால், நூற்றில் ஏறத்தாழ 79 வாய்ப்பு. அதே படகு, அதே எரிபொருள், அதே நேரம். ஆனால் மனம்போன போக்கில் ஓடினால் 63. இடையிலுள்ள பதினாறு, ஒழுங்கு மட்டுமே ஈட்டித் தரும் லாபம். நல்லெண்ணத்தோடு தானாகவே ஓடிவரும் பத்துப் படகுகளைவிட, தாளில் ஏறிய ஏழு படகுகள் மேல் என்று ஒருங்கிணைப்பாளர் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

பிறகு சதுரம் கட்டங்களாக வெட்டப்படுகிறது. ஏ-1, ஏ-2 என்று பெயர். நான்கு மூலைகளின் அட்சரேகை, தீர்க்கரேகை. எந்தப் படகுக்கு எந்தக் கட்டம் என்பதை வேகமும் எரிபொருளும் முடிவு செய்கின்றன. எந்தத் துறையின் படகு என்பதல்ல. தடங்கள் நீரோட்டத்தின் திசையிலேயே போகும்படி வரையப்படும். குறுக்கே ஓடினால், ஒரு தடம் முடித்துத் திரும்புவதற்குள் ஆள் தேடாத கோட்டிலிருந்து தேடிய கோட்டுக்கு நழுவிவிடலாம். தொடங்கும் இடம் கட்டத்தின் மூலையல்ல. மூலையிலிருந்து அரை இடைவெளி உள்ளே. அப்போதுதான் பக்கத்துக் கட்டத்தின் படகும் அதேபோல் அரை இடைவெளி தள்ளி ஓடும்போது நடுவில் சரியாக ஓர் இடைவெளி நிற்கும். இரண்டு துறைகளின் படகுகள் ஒன்றையொன்று பார்க்காமலேயே தையல் போட்டதுபோல் பொருந்துவது இந்த அரை இடைவெளியால்.

நான்காவது கட்டம் களம். கிளம்புமுன் ஒரு விளக்கக் கூட்டம், பதினைந்து நிமிடத்துக்கு மேல் போகாது. ஒவ்வொரு படகுக்கும் ஒரு தாள்: கட்டம், தொடங்கும் இடம், முதல் தடத்தின் திசை, இடைவெளி, வேகம், பேசும் அலைவரிசை, மணிக்கொரு முறை அறிக்கை, திரும்பும் நேரம். கடலில் ஒரு படகு களத் தலைமை ஏற்கும். வசதியான அறையும் நல்ல வானொலியும் உள்ள படகாகப் பார்த்துத் தேர்வார்கள். அது பெரும்பாலும் தேடாமல் நடுவில் நின்று பேசிக்கொண்டிருக்கும். தேட வந்த படகு தேடாமல் நிற்கிறதே என்று தோன்றும். அது நிற்பதால்தான் மற்றவை ஓடுகின்றன. விமானங்களும் கப்பல்களும் பேசிக்கொள்ள 6ஆம் அலைவரிசை. 16 எப்போதும் திறந்திருக்கும், அரட்டைக்கு அல்ல.

ஊகப்புள்ளியின் மேல் முதலில் வந்து சேரும் படகு விரியும் சதுரத்தில் ஓடும். அரை மைல் நேராக, வலப்பக்கம் செங்குத்தாகத் திரும்பி அரை மைல், மறுபடி வலம் ஒரு மைல், வலம் ஒரு மைல், பிறகு ஒன்றரை, ஒன்றரை. மணிக்கு 10 மைல் வேகத்தில் முதல் இரண்டு தடங்களும் மும்மூன்று நிமிடம், அடுத்தவை ஆறாறு நிமிடம். படகோட்டி சுக்கானையும் கடிகாரத்தையும் மட்டுமே பார்ப்பார். கடலைப் பார்ப்பது மற்றவர் வேலை. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு கண். கண்ணை ஒரே போக்கில் ஓட்டக் கூடாது. ஒரு புள்ளியில் நிறுத்தி, பார்த்து, அடுத்த புள்ளிக்கு நகர்த்த வேண்டும். அரை மணிக்கொரு முறை ஆள் மாறுவார்கள். வெயிலில் பளபளக்கும் கடலை அதற்குமேல் பார்த்தால் கண் திறந்திருக்கும், பார்வை இருக்காது.

இருட்டியபின் தேடலின் தன்மை மாறுகிறது. விளக்கொளியைத் தேடுவார்கள், இடையிடையே இயந்திரத்தை நிறுத்திச் சீழ்க்கை கேட்கிறதா என்று காது கொடுப்பார்கள். கரையில் இரவு முழுதும் தாள் மாறுகிறது: ஊகப்புள்ளி தெற்கே நகர்கிறது, வட்டம் பெரிதாகிறது, விடியலுக்கான கட்டங்கள் எழுதப்படுகின்றன. இந்தக் கடலின் நீர் இளஞ்சூடானது. வடகடல்களைப் போல் குளிர் சில மணி நேரத்தில் ஆளைக் கொல்வதில்லை. தாகமும் களைப்பும் வெயிலும்தான் எதிரிகள். மூழ்கு உடையும் காற்றடைத்த அங்கியும் இருந்தால் நாட்கணக்கில் தாங்கலாம். இது தெரிந்ததால்தான் முதல் இரவோடு யாரும் மேசையைச் சுருட்டுவதில்லை.

2022இல் மறுநாள் காலை பயிற்றுநர் கிடைத்ததும் தேடலுக்கு முதல் உறுதியான தகவல் வந்தது. மேலே வந்தபின் நீரோட்டத்தில் மற்றவர்களிடமிருந்து பிரிந்துவிட்டதாக அவர் கூறினார். திட்டமிடுகிறவருக்கு இது பொன். மற்ற மூவரும் நீர்மேலே இருந்தார்கள், உயிரோடு இருந்தார்கள், அதே நீரோட்டத்தில் போனார்கள் என்ற மூன்றும் ஒரே வாக்கியத்தில் கிடைக்கின்றன. மீட்கப்பட்டவர் கிடைத்த இடமும் நேரமும், எந்த அட்டவணையும் தராத துல்லியத்தோடு நீரோட்டத்தின் வேகத்தைச் சொல்லிவிடுகின்றன. மனிதரே மிதவைக் குறியாகிவிடுகிறார். அதனால் மருத்துவர் அனுமதித்த அளவில், இரண்டே நிமிடமானாலும், கேட்க வேண்டியதை முதலில் கேட்டுவிடுவார்கள். நீரிலிருந்து எடுக்கும்போது உடலை நிமிர்த்தித் தூக்காமல், கூடியவரை படுத்த நிலையில் தூக்குவார்கள். நெடுநேரம் மிதந்தவரைச் செங்குத்தாகத் தூக்கினால் இரத்த அழுத்தம் சட்டென்று விழும்.

தேடல் தெற்கே போகப் போக வரைபடத்தின் தாள் மாறுகிறது. திங்கி, சிபு தீவுகள், பிறகு கோத்தா திங்கி மாவட்டத்தின் செடிலி, தெசாரு, கடைசியில் பெங்கேராங். அங்கே சிங்கப்பூர் நீரிணையின் கிழக்கு வாய் திறக்கிறது. அறுபது மணி நேரத்தில் நூறு கிலோமீட்டருக்கு மேல் என்றால் மணிக்கு ஏறத்தாழ ஒரு கடல் மைல். நாம் வைத்துக்கொண்ட எண்ணுக்கு அருகிலேயே வந்து நிற்கிறது.

கவனிக்க வேண்டிய ஒன்று: காலையில் பயிற்றுநரைக் கண்டது இழுவைப் படகு, அதிகாலையில் இருவரைக் கண்டது மீன்பிடிப் படகு. இரண்டும் தொழிலுக்காகக் கடலில் இருந்தவை. இதைப் பார்த்து, கட்டம் போட்டதெல்லாம் வீண் என்று சொல்பவர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கட்டத்துக்கு வெளியே இருக்கும் கண்களையும் கணக்கில் சேர்ப்பது இந்த முறையின் ஒரு பகுதி. மணிக்கணக்கில் திரும்பத் திரும்ப ஒலிபரப்பாகும் அறிவிப்பு, மீன் இறக்கும் துறையில் வாய்வழியாகப் பரவும் செய்தி, கண்டால் எந்த எண்ணுக்குச் சொல்வது என்ற ஒரு வரி, இவையும் மேசையில் எழுதப்படுபவைதாம். 2017இல் ஒக்கிப் புயலுக்குப் பிறகு கன்னியாகுமரி, திருவனந்தபுரம் கரைகளில் மீனவர்கள் தாங்களே படகெடுத்துத் தேடப் போனார்கள். பின்னர் தேடும் கப்பல்களிலேயே மீனவர்களையும் ஏற்றிக்கொண்டார்கள். அந்த இரண்டாவது செயல் முதல் நாளே நடந்திருக்க வேண்டும் என்பது அன்று எழுந்த குறை. மெர்சிங் மேசையில் மீனவருக்கு ஒரு நாற்காலி என்பது அதனால் ஆடம்பரமல்ல.

கடைசிக் கட்டம் முடிப்பு. ஆள் கிடைத்துவிட்டால் எளிது: எல்லாப் படகுகளுக்கும் திரும்பும் உத்தரவு, ஒவ்வொன்றும் கரை சேர்ந்ததா என்று தலை எண்ணிக்கை, மருத்துவமனைக்கு ஒப்படைப்பு. 2022இல் பாதி எளிது, பாதி கடினம். மீண்டவர்கள் சொன்னதைக் கொண்டு நான்காமவரை உயிரோடு காணும் நம்பிக்கை அற்றபின் தேடலின் இலக்கு மாறியது; உடலைத் தேடும் பணியாயிற்று. ஹெலிகாப்டரின் அவசரம் அதற்குத் தேவையில்லை. குடும்பத்தாருக்கு வேறொரு குரல் தேவை.

திரும்பிய ஒவ்வொரு படகின் தாளும் மேசைக்கு வரும். எந்தத் தடம் முழுதாக ஓடியது, எங்கே மழை மறைத்தது, எங்கே இயந்திரம் நின்றது என்று பென்சிலால் குறித்திருப்பார்கள். தேடிய பரப்பில் உண்மையில் தேடப்பட்டது எவ்வளவு என்று மறுபடி கணக்கிடுவார்கள். நேர்மையாக எழுதப்பட்ட ஒரு 'இங்கே பார்க்க முடியவில்லை' அடுத்த நாள் திட்டத்துக்கு வெறுமனே எழுதப்பட்ட பத்து 'முடிந்தது'களைவிடப் பயன்படும். படகுகளை நன்னீரால் கழுவுவார்கள், கயிறுகளைக் காயப்போடுவார்கள், வானொலி மின்கலங்களை மின்னேற்றத்துக்கு வைப்பார்கள், மேசையிலிருந்த ஊடுருவு தாள்களைத் தேதியிட்டுச் சுருட்டி உறையிலிடுவார்கள்.

பதிவேட்டில் ஒரு வரி மட்டும் இருவகையாக எழுதப்படும். தேடப்பட்டவர்கள் அனைவரும் கணக்கில் வந்துவிட்டால் 'முடிக்கப்பட்டது'. ஒருவர் கிடைக்காமலே படகுகள் திரும்பினால் அந்தச் சொல்லை எழுத முடியாது. 'நிறுத்திவைக்கப்பட்டது' என்று எழுதி, நேரமும் கையெழுத்தும் இடுவார்கள். புதிய தடயம் எது வந்தாலும், எத்தனை நாள் கழித்து வந்தாலும், அந்த வரிக்குக் கீழே எழுத இடம் விட்டிருக்கும்.